ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், சங்கரன்கோவில் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டோ, லேசான பக்கவாதத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டோ ஊர் திரும்புகிறவர்கள், பேருந்து ஏறும் முன் மாத்திரைப் பையை என் மேசையில் வைத்துவிட்டு ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை மருந்துக்கடையில் கேட்பது நம் ஊர் வழக்கம். கேள்விகளை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன். இங்குள்ள பதில்களை வைத்து யாரும் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இவை உதவும்.

அண்ணாச்சி, ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை போதாதா? ஏன் ரெண்டு எழுதியிருக்காவ?

ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் விரித்து வைக்கப்படும் உலோக வலை. குழாயின் உட்சவ்வு வளர்ந்து அதை மூடும் வரை, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) அது அந்நியப் பொருள். போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கூட்டம் சேர்ப்பதற்குப் பல வழிகள் உண்டு. ஆஸ்பிரின் ஒரு வழியை அடைக்கிறது. கிளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இன்னொரு வழியை அடைக்கிறது. ரத்தத்தை 'இளக்கும்' மாத்திரை என்று நாம் சொன்னாலும், இவற்றால் ரத்தம் தண்ணீர் ஆவதில்லை. தட்டணுக்களின் ஒட்டும் குணம்தான் குறைகிறது.

ஒட்டும் குணம் குறைந்தால் ஸ்டென்ட் அடைபடாது. அதே காரணத்தால் காயமும் சீக்கிரம் அடைபடாது. 2001-இல் வெளியான கியூர் என்ற ஆய்வில், நெஞ்சுவலியோடு வந்த 12,562 பேரில் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 11.4 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதய நோயால் மரணம் நேர்ந்தது. கிளோபிடோக்ரெலையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது 9.3 சதவீதமாகக் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவோ 2.7-இலிருந்து 3.7 சதவீதமாகக் கூடியது. கீழே வரும் எல்லாக் கேள்விகளும் இந்த வரவு செலவுக் கணக்குக்குள் அடங்கியவைதான்.

ஆயுசு முழுக்க ரெண்டையும் திங்கணுமா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. மாரடைப்புக்குப் பின் வழக்கமாக 12 மாதம்; அவசரமில்லாமல் திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 6 மாதம்; ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவாக, சில சமயம் 1 முதல் 3 மாதத்தோடு முடித்துவிடுவார்கள். லேசான பக்கவாதத்துக்குப் பெரும்பாலும் 21 நாள், சிலருக்கு 90 நாள் வரை. அதற்குப் பிறகு ஒரு மாத்திரை மட்டும் தொடரும்.

இந்தப் பக்கவாதக் கணக்கைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். மூன்று வாரத்துக்கு எழுதிய சீட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக இரண்டு மருந்தையும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பக்கவாத நோயாளிகள் இரண்டையும் நெடுநாள் சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதல் பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆகவே, இரண்டும் எந்தத் தேதி வரை என்று கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டிலேயே டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கை லேசா கதவுல பட்டாலே நீலமா கன்னிப் போவுது. ரத்தம் கெட்டுப் போச்சோ?

கெடவில்லை. தோலுக்கு அடியில் முடி போன்ற நுண்குழாய்கள் உடைந்தால் தட்டணுக்கள் உடனே அடைத்துவிடும். இப்போது அது தாமதமாவதால் கொஞ்சம் ரத்தம் பரவிக் கன்னிப்போகிறது. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்தால் கவலை இல்லை. முகம் மழிக்கும்போது பட்ட கீறலில் ரத்தம் நிற்க நேரமாவதும், ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்திய இடம் கறுப்பதும் இதே கதைதான். ஊசி எடுத்ததும் பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள்.

அடிபடாமலே முதுகிலும் வயிற்றிலும் பெரிய பெரிய திட்டுகள் வந்தாலோ, காலில் கடுகு தெளித்தது போலச் சிவப்புப் புள்ளிகள் வந்தாலோ அதை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எங்க ஆச்சி வெத்தல போடுவாவ. துப்புனா செவப்பா வருது. அது வெத்தலயா, ரத்தமான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

கேட்டவர் கெட்டிக்காரப் பேத்தி. ஈறில் ரத்தம் கசிவது இந்த மாத்திரைகளின் சாதாரணப் பக்கவிளைவுகளில் ஒன்று. வெற்றிலை போடுகிறவர்களிடம் அது மாதக்கணக்கில் கண்ணுக்குத் தப்பிவிடும். காலையில் எழுந்ததும், வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து வெள்ளைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். சிவந்திருந்தால் அது ரத்தம். மெல்லிய பிரஷுக்கு மாறுவதும், விரலில் உப்பும் கரியும் வைத்து அழுத்தித் தேய்ப்பதை விடுவதும், பல் டாக்டரிடம் காறை எடுப்பதும் பெரும்பாலும் போதும். புகையிலை சேர்த்துப் போடுகிறவர் என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் மருந்து. எந்த இதயத்துக்காக இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறாரோ, அதற்கே புகையிலை எதிரி.

மூக்குல ரத்தம் கொட்டுச்சு. தலைய அண்ணாந்து வச்சும் நிக்கல. என்ன செய்ய?

அண்ணாந்து வைப்பதுதான் தவறு. ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குள் போய்க் குமட்டலை உண்டாக்குமே தவிர நிற்காது. உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் எலும்பில்லாத மெத்தென்ற கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விடுங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். "நின்னுட்டா" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை விட்டுப் பார்த்தால் உறைய வந்ததும் கலைந்துவிடும். என் சித்தப்பாவுக்கு முக்கால் மணி நேரம் நிற்காமல் போனது இப்படித்தான். அரைமணி நேரத்துக்கு மேல் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். கத்திரி வெயில் காலத்தில் மூக்கு காய்ந்து வெடிப்பதால் இது அதிகம். இரவில் மூக்கின் உள்விளிம்பில் சிறிது வாசலின் தடவுவது உதவும்.

மலம் கறுப்பாப் போவுது. சத்து மாத்திரையாலன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாவ. சரியா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அது கரும்பச்சை கலந்து, கெட்டியாக, வழக்கமான வாடையோடு இருக்கும். இரைப்பையிலோ முன்குடலிலோ ரத்தம் கசிந்து செரித்து வரும் மலம் வேறு: கருப்பட்டிப் பாகு போலப் பளபளப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது, வாடை தாங்க முடியாது. இது ஒரு தடவை போனாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே தலைசுற்றல், படபடப்பு, வியர்வை இருந்தாலோ, காபிப்பொடி கலந்தது போல வாந்தி வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

வயிறு ஏன் என்றால், இரைப்பையின் சுவரைத் தன் அமிலத்திலிருந்து காக்கும் பொருள் உருவாவதையும் ஆஸ்பிரின் தடுக்கிறது. அங்கே சின்னப் புண் வந்தாலும், அடைக்க வேண்டிய தட்டணுக்கள் செயலற்று இருப்பதால் ரத்தம் நிற்காது. மேலே பூச்சு போட்ட ஆஸ்பிரின் என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அது ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையைப் பாதிக்கும். 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பே வயிற்றுப்புண் இருந்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல்.

சில நேரம் மலத்தில் நிறம் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவே கசியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண்ணிமைக்கு உட்புறம் வெளுத்திருக்கிறது, எப்போதும் அசதி என்றால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

கேஸ் மாத்திரையும் எழுதியிருக்காவ. எனக்குத்தான் கேஸ் தொந்தரவே இல்லையே, அத விட்டுரலாமா?

விடாதீர்கள். அது உங்கள் ஏப்பத்துக்காக எழுதப்பட்டதன்று. மேலே சொன்ன இரைப்பை ரத்தக்கசிவைத் தடுக்க எழுதப்பட்டது. மாத்திரைச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான்.

அதோடு, கேஸ் மாத்திரை எல்லாம் ஒன்று என்று நினைத்து வீட்டில் கிடப்பதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். கிளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்த பிறகே வேலை செய்யும். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த நொதியைத் தடுக்கின்றன. பான்டாப்ரசோலுக்கு அந்தக் குணம் குறைவு என்பதால்தான் உங்கள் சீட்டில் பெரும்பாலும் அது இருக்கிறது.

டிப்ளாட் ஏன்னு ஒண்ணு, எகோஸ்பிரின்னு ஒண்ணு. ரெண்டும் வேற வேற தானே?

பாதி சரி. டிப்ளாட் ஏ, கிளோபிலெட் ஏ போன்றவற்றில் கடைசியில் நிற்கும் அந்த 'ஏ' என்ற எழுத்து ஆஸ்பிரினைக் குறிக்கிறது. அதாவது கிளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன. எகோஸ்பிரின் என்பதும் ஆஸ்பிரின்தான். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஆஸ்பிரின் இரட்டிப்பாகிறது. இன்னும் மோசம், எகோஸ்பிரின் ஏவி. அதில் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினும் இருப்பதால், அதைத் தனி மாத்திரையாகவும் சாப்பிடுகிறவருக்கு அதுவும் இரட்டிப்பாகும்.

மருத்துவமனையில் ஒரு சீட்டு, ஊரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு சீட்டு, பழைய அட்டையில் மிச்சம் நாலு என்று மூன்றும் ஒரே மஞ்சப்பையில் கலக்கும்போது இது நடக்கிறது. ஒருவர் அந்தப் பையை என் மேசையில் கவிழ்த்தபோது, காலையில் இரண்டு, இரவில் ஒன்று என்று நாளுக்கு மூன்று ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. நெஞ்செரிச்சல் ஏன் என்று கேட்கத்தான் வந்திருந்தார். எந்தக் கடையில் வாங்கினாலும் மாதம் ஒரு தடவை பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரே மடக்குல நாலு கிளோபிடோக்ரெல் குடுத்துட்டாவளே, அது தப்பில்லையா?

தவறில்லை. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் மருந்து உடனே வேலை செய்ய முதல் வேளை மட்டும் பெரிய அளவில் கொடுப்பார்கள், 75 மி.கி. மாத்திரை நாலு சேர்ந்தால் 300 மி.கி. தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் கிராமச் சுகாதார நிலையங்களிலேயே இந்த முதல் வேளையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மறுநாளிலிருந்து ஒன்றுதான்.

மூட்டுவலிக்கு ஒரு ஊசி போட்டுக்கிடலாமா? இல்ல, ஒரு வலி மாத்திரையாவது குடுங்க.

டைக்குளோபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையை ஆஸ்பிரின் தாக்கும் அதே வழியில் தாக்குபவை. இரண்டோடு மூன்றாவதாக இதைச் சேர்ப்பது, ஏற்கெனவே கசிகிற குளத்துக் கரையில் மண்வெட்டியால் கொத்துவது போல. போதாக்குறைக்கு ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போய் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு அதன் வேலையையும் கெடுக்கும். இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தம் கட்டச் செய்யும். யாராவது ஊசி போட வந்தால் முதலில் மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள்.

கல்லீரல் கோளாறு இல்லாதவர்களுக்கு, அளவோடு பாராசிட்டமால் பாதுகாப்பானது. வெந்நீர் ஒத்தடமும் நல்லதுதான். மதுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதைத் தனியாகக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை: அதுவும் இரைப்பைக் கசிவைக் கூட்டும்.

எனக்கு டிகாக்ரெலார் குடுத்திருக்காவ. போட்டதுலருந்து மூச்சு முட்டுத மாதிரி இருக்கு. இதயம் மறுபடி கெட்டுட்டா?

இரண்டு சாத்தியமும் உண்டு. மூச்சுத்திணறல் டிகாக்ரெலாருக்கே உரிய பக்கவிளைவு. 2009-இல் வெளியான பிளேட்டோ ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களில் 13.8 சதவீதத்தினருக்கும், கிளோபிடோக்ரெல் சாப்பிட்டவர்களில் 7.8 சதவீதத்தினருக்கும் அது வந்தது. நுரையீரலையோ இதயத்தையோ அது கெடுப்பதில்லை. பலருக்குச் சில நாட்களில் தானாகக் குறைந்துவிடும். ஆனால் படுத்தால் கூடுகிற மூச்சுத்திணறலும், கால் வீக்கத்தோடு வருவதும் இதயத்தின் பலவீனமாக இருக்கலாம். ஆகவே இது மாத்திரையால்தான் என்று வீட்டில் தீர்ப்பு எழுதாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார். மாற்று மருந்து கைக்கு வரும் வரை இதை நிறுத்தக் கூடாது.

பிரசுக்ரெல் கொஞ்சம் வீரியம் கூடியது. முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை, 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் யோசித்தே கொடுப்பார்கள்.

சீசன் ஆரம்பிச்சிட்டு. குத்தாலத்துல குளிக்கலாமா?

குளிக்கலாம், ஆனால் பேரருவியின் நட்ட நடுவில் போய் நின்று முதுகைக் கொடுக்க வேண்டாம். நல்ல தண்ணீர் வரத்தின்போது அந்த அடி சாதாரண ஆளுக்கே முதுகைச் சிவக்க வைக்கும். உங்களுக்குத் தோள் முழுவதும் கன்னிவிடும். வழுக்கி விழுந்து தலையில் அடிபடுவதுதான் இன்னும் பெரிய பயம். ஸ்டென்ட் வைத்துச் சில வாரங்களே ஆனவர் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மாஞ்சோலைப் பக்கம் போகிறவர்கள் காலில் அட்டை கடித்தால், அது விழுந்த பிறகும் வெகுநேரம் ரத்தம் கசியும். எல்லோருக்கும் கசிவதுதான், உங்களுக்கு இன்னும் கூடுதல். சுத்தத் துணியை வைத்து அழுத்திக் கட்டுங்கள். (மாத்திரை அட்டைக்கும் இந்த அட்டைக்கும் ஒரே பெயர் வைத்தவர் எதையோ யோசித்துத்தான் வைத்திருப்பார் போல.)

நோம்புக்கு இருவது நாளுதான் இருக்கு. பகல்ல மாத்திர போட முடியாதே?

மேலப்பாளையத்திலிருந்து வருடந்தோறும் வரும் கேள்வி. கிளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் நாளுக்கு ஒரு வேளை என்பதால் நோன்பு திறந்து சாப்பிட்ட பின் எடுத்துக்கொள்ளலாம். டிகாக்ரெலார் இரண்டு வேளை. சஹருக்கு ஒன்று, இஃப்தாருக்கு ஒன்று என்று வைக்க முடியும். ஆனால் நேரத்தை மாற்றும் முன், நோன்பு வைக்க உடம்பு தாங்குமா என்பதையும் சேர்த்து டாக்டரிடம் இப்போதே கேளுங்கள்.

எந்த நாளிலும் ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது.

வெளியில சொல்லக் கூச்சமா இருக்கு, அண்ணாச்சி. மாசாமாசம் வாரது இப்ப ரொம்ப அதிகமாப் போவுது.

கூச்சப்பட ஏதுமில்லை, இதுவும் அறிந்த பக்கவிளைவுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பெரிய கட்டிகளாகப் போகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து ரத்தம் கண்டால் மாத்திரைமேல் பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது. கர்ப்பப்பையைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போனாலும் இதே விதிதான்.

பல்லு பிடுங்கணும், கண்ணுல புரை எடுக்கணும். அஞ்சு நாள் மாத்திரய நிறுத்திட்டு வாங்கன்னு சொல்லுதாவ.

சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி. ஒன்றிரண்டு பல் பிடுங்குவதற்கும் கண்புரைக்கும் பெரும்பாலும் இரண்டையுமே நிறுத்த வேண்டியதில்லை. பல் குழியில் பஞ்சை வைத்துக் கடித்து, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் ரத்தம் நின்றுவிடும். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் கிளோபிடோக்ரெலை வழக்கமாக 5 நாளும், பிரசுக்ரெலை 7 நாளும், டிகாக்ரெலாரை 3 முதல் 5 நாளும் முன்னதாக நிறுத்துவார்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், தள்ளிப்போடக்கூடிய அறுவையைத் தள்ளிப்போடுவதே முறை. எப்படியானாலும் உத்தரவு ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமிருந்து வர வேண்டும்.

பிளேட்லெட் கவுன்ட் ரெண்டு லட்சம் இருக்கு. பொறவு ஏன் ரத்தம் நிக்க மாட்டேங்கு? டெங்கு வந்தா என்ன ஆவும்?

மாத்திரை தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. அவற்றின் வேலையை நிறுத்துகிறது. பரிசோதனை தலைகளை எண்ணுகிறது, கைகள் கட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பதில்லை. (கிளோபிடோக்ரெலால் எண்ணிக்கையே சரிவது மிக மிக அரிது, நேர்ந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், காய்ச்சல், மஞ்சள் நிறம், குழப்பம் ஆகியவற்றோடு வரும்.)

டெங்குவில் எண்ணிக்கையே விழுகிறது. கைகளும் கட்டப்பட்டு ஆட்களும் குறைந்தால் ஆபத்து இரட்டிப்பு. 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டிவைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே, "நான் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லி ரத்தம் பாருங்கள். எந்த எண்ணிக்கையில் எதை நிறுத்துவது என்பதை மருத்துவமனை முடிவு செய்யும்.

சித்த மருந்தும் சாப்பிடுதேன், பூண்டும் நெறையா சேக்கேன். ஒத்துக்கிடுமா?

குழம்பில் போடும் பூண்டு, இஞ்சி, மஞ்சளால் ஒன்றும் ஆகாது. அவற்றையே சாறாகப் பிழிந்தோ, குளிகைகளாகவோ தினமும் அதிக அளவில் எடுத்தால் ரத்தக்கசிவு கூடலாம். நம் ஊரிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் இதயச் சீட்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இரண்டு பக்கத்து டாக்டருக்கும் இரண்டு சீட்டும் தெரிந்தால் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. பெயரே எழுதாத பொட்டலப் பொடிகளை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். வலிக்கென்று விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருப்பது உண்டு.

எங்க அய்யா வண்டியில இருந்து சரிஞ்சுட்டாவ. தலையில லேசாத்தான் பட்டுச்சு, நல்லாத்தான் பேசுதாவ. ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?

போக வேண்டும், இப்போதே. தலைக்குள் கசியும் ரத்தம் மெல்லச் சேர்ந்து, முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். இந்த இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால் ஸ்கேன் தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் வராமல் போதல், வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றுக்கு அடிபட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கண்டதும் 108.

இவ்வளவு பயம் இருந்தா, ரத்தம் கண்டதும் நானே ரெண்டையும் நிறுத்திப்புடலாம்லா?

கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரண்டையும் திடீரென்று நிறுத்தினால் வலைக்குள் ரத்தம் உறைந்து குழாய் மொத்தமாக அடைபடலாம். அது நேர்ந்தால் பெரும்பாலும் பெரிய மாரடைப்பு, பலர் பிழைப்பதில்லை. நிறுத்தினாலும் உடனே ரத்தக்கசிவு நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரெலும் தொட்ட தட்டணு அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை செயலற்றே இருக்கும், புதியவை பிறந்து வந்துதான் நிலைமை மாறும்.

கன்னிப்போதல், ஈறுக் கசிவு, அழுத்தினால் நிற்கும் மூக்கு ரத்தம் ஆகியவற்றுக்கு மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். கறுப்பு மலம், ரத்த வாந்தி, தலையில் அடி, நிற்காத ரத்தம் என்றால் அடுத்த வேளை மாத்திரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளையும், ஸ்டென்ட் வைத்த தேதி உள்ள சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அங்கே நிற்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.